வான்கோவின் படுக்கையறையைப் பார்த்துப் போட்டு ஆயில் பழகுகிறேன், சுவர் நீலமா ஊதாவா என்பதிலேயே நிற்கிறேன்

புதுத்தூரிகை:

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருஷமாக வாட்டர்கலர் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் ஆயில் பழகியே தீருவது என்று ட்யூப், கான்வாஸ், அதை நிறுத்திவைக்கும் ஈசல் எல்லாம் வாங்கியாயிற்று. (ஈசல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றதும் அம்மா, "வறுத்ததா?" என்று கேட்டார். அது தனிக்கதை.)

நல்ல ஓவியம் ஒன்றை எடுத்துவைத்து அப்படியே பார்த்துப் போட்டால் வேகமாகப் பிடிபடும் என்று ஒருவர் சொன்னதால் வான்கோவின் படுக்கையறையை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் சோம்பேறித்தனம்தான் காரணம். முகம் கிடையாது, கைவிரல் கிடையாது, ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, ஜன்னல். நிழல்கூட இல்லை. இதைவிட எளிதாக என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. சுவருக்கு எந்த நிறம் என்பதே தெரியவில்லை. இணையத்தில் ஒரு படத்தில் வெளிர்நீலம், இன்னொன்றில் அடர்நீலம், நான் கடையில் கொடுத்து எடுத்த பிரிண்டில் சாம்பல். சரி, ஏதோ ஒரு நீலம் என்று போட்டேன். அடுத்து கட்டில். மஞ்சள் காயாத சுவர் நீலத்தோடு கலந்து பச்சையாகி, அதைச் சரிசெய்யப் போய் மேலும் தேய்த்து, கடைசியில் மழைக்காலத் தெருவில் கிடக்கும் சேறு மாதிரி ஒரு நிறம். தரையும் அதே கதி. இதற்கிடையில் அறை கோணலாக இருக்கிறதே என்று ஸ்கேல் வைத்துப் பின்சுவரை நேராக்கினேன். இப்போது பார்த்தால் மரச்சாமான் கடை விளம்பரம் போல இருக்கிறது.

நிறுத்திவிட்டு வேறு படம் எடுக்கட்டுமா, இல்லை இதையே தொடரட்டுமா?


ஆளிவிதை:

தம்பி, நிறுத்தாதீர்கள். நல்ல படத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள், எளிது என்ற காரணம்தான் தப்பு.

முதலில் உங்கள் குழப்பத்தில் பாதி உங்கள் தவறே இல்லை. அந்தப் படுக்கையறை ஒரு ஓவியம் இல்லை, மூன்று. முதலாவது 1888 அக்டோபரில் ஆர்ல் ஊரில் போட்டது, இப்போது ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் ரோன் ஆற்றில் வெள்ளம் வந்து, வீட்டில் ஈரம் ஏறி அந்தப் படம் கெட்டுப்போனது. தன் தம்பி தியோவுக்கு அனுப்பியபோது, பழுதுபார்ப்பதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்துவை என்று தியோ சொல்ல, 1889 செப்டம்பரில் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபடி ஏறக்குறைய அதே அளவில் இரண்டாவது போட்டார். அது சிகாகோவில். அப்புறம் அம்மாவுக்கும் தங்கைக்கும் கொடுக்கச் சின்னதாக ஒன்று, அது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில். சுவரில் மாட்டியிருக்கும் முகப்படங்களே மூன்றிலும் மாறும். நீங்கள் மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து கட்டிலையும் இன்னொன்றிலிருந்து சுவரையும் எடுத்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

அதாவது நீங்கள் காப்பி எடுக்கும் படத்தை அவரே இரண்டு தடவை காப்பி எடுத்திருக்கிறார். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது சுவர். நீலமே இல்லை. தியோவுக்கு எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது, மிச்சம் நிற்பது நீலம். கதவும் அப்படித்தான், கடிதத்தில் லைலாக், அதுவும் ஒரு இளம் ஊதாதான். அதே கடிதத்தில் மற்றதும் வரிசையாக இருக்கிறது: தரை சிவப்பு ஓடு, கட்டிலும் நாற்காலியும் புது வெண்ணெயின் மஞ்சள், விரிப்பும் தலையணையும் மிக வெளிரிய எலுமிச்சைப் பச்சை, போர்வை பளிச்சென்ற சிவப்பு, ஜன்னல் பச்சை, முகம் கழுவும் மேஜை ஆரஞ்சு, பேசின் நீலம். ஓவியரே கையில் கலர் சார்ட் கொடுத்திருக்கும்போது பிரிண்ட் கடையை ஏன் நம்ப வேண்டும்?

ஸ்கேலைத் தூக்கி எறியுங்கள். அந்த வீட்டில் அந்த அறையின் பின்சுவர் நிஜமாகவே சாய்வாகத்தான் இருந்தது. வீடு இப்போது இல்லை, 1944இல் குண்டுவீச்சில் போய்விட்டது.


கரித்துண்டு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்தக் காப்பி வைத்தியத்திலேயே நம்பிக்கை இல்லை. போன் திரையில் பார்த்துப் போடுவது ஓவியத்தைப் பார்த்துப் போடுவதாகாது, போட்டோவைப் பார்த்துப் போடுவது. வான்கோ வண்ணத்தை எவ்வளவு கெட்டியாக அப்பியிருக்கிறார், எது மேலே எது கீழே என்பது திரையில் தட்டையாகிவிடும். அந்தக் கெட்டிதானே பாடமே? அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்துவிட்டு ஆயில் கற்றேன் என்றால் எப்படி?

சந்தையில் இரண்டு கொய்யாப்பழம் வாங்கி ஜன்னலோரம் வையுங்கள். அதைப் போடுங்கள். கொய்யா உங்களை ஏமாற்றாது, அதற்கு மூன்று பதிப்பும் கிடையாது. முப்பது கொய்யா முடிந்ததும் வான்கோ தானாகப் புரிவார்.


ஆளிவிதை:

கரித்துண்டு அண்ணாவின் கொய்யாவுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் வான்கோ எப்படிக் கற்றார் என்று பாருங்கள். 1880இல், ஓவியன் ஆவது என்று முடிவு செய்த காலத்திலேயே, பார்க் என்பவர் தயாரித்த வரைபயிற்சித் தாள்களை ஒன்றுவிடாமல் பார்த்து வரைந்தார். கடைசி வருஷத்தில், 1890இலும், அதையே திரும்ப எடுத்து வரைந்தார். சான் ரெமியில் இருந்தபோது மில்லே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்களை மட்டும் இருபதுக்கு மேல் காப்பி எடுத்தார். எதைப் பார்த்து? கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களைப் பார்த்து! கெட்டியும் இல்லை, நிறமே இல்லை. நிறத்தை எல்லாம் அவரே போட்டுக்கொண்டார். பாட்டுக்காரர் இன்னொருவர் சாகித்தியத்தை எடுத்துத் தன் குரலில் பாடுகிறார் அல்லவா, கிட்டத்தட்ட அந்த ஒப்பீட்டைத்தான் அவரும் தியோவுக்கு எழுதுகிறார், அவர் சொன்னது பேத்தோவன்.

போட்டோ பார்த்துப் போட்டால் பிரயோஜனமில்லை என்றால் அவருக்கும் பிரயோஜனம் இருந்திருக்கக் கூடாது.


கரித்துண்டு:

அவர் அப்போது பத்து வருஷம் போட்டுக் கைதேர்ந்தவர். நம்ம தம்பி மூன்று ஞாயிற்றுக்கிழமை. சாகித்தியத்தைத் தன் குரலில் பாட முதலில் குரல் வேண்டும், சரளி வரிசை முடித்திருக்க வேண்டும்.


சுண்ணாம்புச்சுவர்:

சண்டையை ஒரு ஓரமாக வைத்துவிட்டுச் சேற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் நான் வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு ஆயில் சொல்லிக்கொடுக்கிறேன், பத்துப் பேரும் முதல் மாதம் இதே சேற்றைத்தான் கிண்டுகிறார்கள்.

புதுத்தூரிகை தம்பி, நீங்கள் வாட்டர்கலர்க்காரர். வாட்டர்கலரில் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: வண்ணம் கொஞ்சமாக எடுப்பது, பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சமன்செய்வது. ஆயிலில் இரண்டுமே விஷம். உங்கள் பேலட்டில் ஒவ்வொரு நிறமும் கடுகளவுதான் இருந்திருக்கும், சரியா? இந்தப் படத்துக்கு 12க்கு 16 அங்குல கான்வாஸ் என்றாலே சுவருக்கு மட்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவு கலந்து வைக்க வேண்டும். கொஞ்சமாகக் கலந்தால் பாதியில் தீரும், திரும்பக் கலக்கும்போது அதே நிறம் வராது, வராததை மறைக்கத் தேய்ப்பீர்கள், தேய்த்தால் சேறு. வெள்ளை மட்டும் பெரிய ட்யூப் வாங்குங்கள், மற்றதைவிட மூன்று மடங்கு செலவாகும்.

இன்னொன்று, சுவரை முழுக்கப் போட்டுவிட்டு அதன்மேல் கட்டிலைப் போட்டிருக்கிறீர்கள். காயாத நீலத்தின் மேல் மஞ்சள் போட்டால் பச்சை வராமல் வேறு என்ன வரும்? கட்டிலுக்கு இடம் விட்டுச் சுவரைப் போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு நூல் அளவு கான்வாஸ் தெரிந்தாலும் பரவாயில்லை. விளிம்புக் கோட்டைக் கடைசியில் ஒரே இழுப்பில் போடுங்கள்.

கட்டில் மஞ்சளை நான் எப்படிக் கலக்கிறேன் என்று சொல்கிறேன். கேட்மியம் யெல்லோ ஒரு குவியல், அதில் பாதி யெல்லோ ஓக்கர், அப்புறம் வெள்ளை. கத்தியால்தான் கலக்க வேண்டும், பிரஷ்ஷால் கலந்தால் பாதி வண்ணம் முடிக்குள் போய்விடும். நிழலாக இருக்கிற பக்கத்துக்கு கறுப்பு சேர்க்காதீர்கள், மஞ்சளில் கறுப்பு விழுந்தால் உடனே பச்சை அடிக்கும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கொஞ்சம் போதும். கலந்ததைப் பட்டையான, முரட்டு முடி உள்ள பிரிஸில் பிரஷ்ஷில் அள்ளி (தொட்டு இல்லை, அள்ளி) கட்டிலின் பலகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஒரு இழுப்பு. தூக்கிவிடுங்கள். துணியில் துடையுங்கள். மறுபடி அள்ளுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு தடவை துடைப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் நான் சேற்றுக்குக் கண்ட மருந்து அது ஒன்றுதான்.

டைட்டானியம் ஒயிட்டில் ஜாக்கிரதை. அது வான்கோவிடம் இருந்ததே இல்லை, ஓவியர்கள் கைக்கு வந்தது 1920களுக்குப் பக்கத்தில்தான். அவரிடம் இருந்தது ஈய வெள்ளையும் ஜிங்க் வெள்ளையும். டைட்டானியம் ரொம்பப் பலமானது, ஒரு சொட்டு கூடினாலும் மஞ்சள் சுண்ணாம்படித்த மாதிரி வெளிறிப்போகும். பாதிப் பாதியாகச் சேர்த்துக்கொண்டே பாருங்கள்.


புதுத்தூரிகை:

அக்கா, "அள்ளி" என்ற ஒரு வார்த்தை போதும், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஊறுகாய் மாதிரி.

ஒரு கேள்வி. சுவரை ஊதாவாகப் போட்டால், இன்று ஆம்ஸ்டர்டாமில் தொங்கும் படம் மாதிரி இருக்காதே? பார்க்கிறவர்கள் தப்பாகப் போட்டிருக்கிறாய் என்பார்கள். காப்பி என்றால் இன்று கண்ணுக்குத் தெரிவதைப் போட வேண்டுமா, அன்று அவர் போட்டதைப் போட வேண்டுமா?

அப்புறம் டர்பெண்டைன் வாடை. வீட்டில் சோறு சாப்பிட முடியவில்லை என்கிறார்கள்.


நடுநிசிக்கான்வாஸ்:

வாடைக்கு: டர்பெண்டைனை நிறுத்துங்கள். பிரஷ்ஷை முதலில் துணியில் துடைத்து, அப்புறம் சமையல் எண்ணெயில் அலசி, கடைசியில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் அடுத்த தடவை வண்ணம் காயாது, ஆகவே சோப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆரம்பத்தில் வண்ணத்தை இளக்கவே தேவையில்லை, ட்யூபிலிருந்து வருகிற பதமே இந்தப் படத்துக்குப் போதும்.

எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆயில் வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியைக் கசக்கிப் பந்தாகச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. விரித்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு எறியுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.


ஆளிவிதை:

ஊதாவா நீலமா. தம்பி கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

வான்கோ தன் ஓவிய நண்பர் கோகனுக்கும் இதே படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். தட்டையான நிறங்கள், ஆனால் கெட்டியாக, முரட்டுத்தனமாகப் பூசியது என்கிறார். இத்தனை வேறு வேறு நிறத்தையும் வைத்து முழு ஓய்வைக் காட்ட நினைத்தேன் என்கிறார். படத்தில் வெள்ளை என்று இருப்பது கறுப்புச் சட்டம் போட்ட அந்தச் சின்னக் கண்ணாடி மட்டும்தான், அதுவும் நான்காவது எதிர்நிற ஜோடி (பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் இரண்டு நிறங்கள்) ஒன்றைச் செருகுவதற்காக என்கிறார். நான்காவது என்றால் மற்ற மூன்று? சிவப்புப் போர்வைக்கு எதிரே பச்சை ஜன்னல். நீலப் பேசினுக்கு அடியில் ஆரஞ்சு மேஜை. மஞ்சள் கட்டிலுக்கு? ஊதாச் சுவர்!

சுவரை நீலமாக்கினால் அந்த ஜோடி உடைகிறது. கட்டில் அநாதையாகிவிடும். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு என்பதால் சின்ன மேஜைக்கு இரண்டு நீலம், பெரிய கட்டிலுக்கு ஒன்றும் இல்லை. நாம் இன்று பார்ப்பது ஒரு கால் ஒடிந்த தராசு. அவர் ஓய்வு என்று சொன்னது நமக்கு ஏதோ பதற்றமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

அதனால் என் வோட்டு ஊதாவுக்கு. பார்க்கிறவர்கள் தப்பு என்றால் இந்தக் கதையைச் சொல்லுங்கள், அரை மணி நேரம் ஓடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஊதா கலக்க அல்ட்ராமரைன் நீலத்தோடு அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பைச் சேர்க்கத் தோன்றும். பழைய அலிசரினும் வெளிச்சத்தில் வெளுக்கிற ரகம்தான், அதுவும் வெள்ளை நிறையச் சேர்த்து வெளிறச் செய்தால் இன்னும் சீக்கிரம். வான்கோ சுவருக்கு வந்த வியாதி உங்கள் சுவருக்கும் வரும். ட்யூபில் குயினாக்ரிடோன் என்று போட்டிருக்கும் சிவப்பை வாங்குங்கள். மிகப் பலமான நிறம், வெள்ளைக் குவியலில் ஒரு பட்டாணி போதும்.


கரித்துண்டு:

சரி, இந்த எதிர்நிற விஷயம் கொய்யாவில் வராது. ஒத்துக்கொள்கிறேன். ஒருவர் நான்கு ஜோடியை யோசித்து வைத்திருக்கிறார் என்பது அவர் வைத்த இடத்தில் நாமும் வைத்துப் பார்த்தால்தான் கைக்கு வரும்.

ஆனால் என் முதல் புகார் நிற்கிறது. கெட்டியைத் திரையில் எப்படிப் பார்ப்பீர்கள்?


சுண்ணாம்புச்சுவர்:

முழுக்கப் பார்க்க முடியாது அண்ணா. ஆனால் சிகாகோ அருங்காட்சியகக்காரர்கள் தங்கள் படத்தைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். கட்டில்காலை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள், பிரஷ் முடி பதிந்த தடம் தெரியும், எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்று தெரியும். பிள்ளைகளை முழுப்படம் போடவே நான் விடுவதில்லை. உள்ளங்கை அளவு சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடு, அதில் எத்தனை இழுப்பு, எது முதல், எது கடைசி என்று பென்சிலால் எண் போட்டுக்கொண்டு வா என்பேன். எண் போடும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடும். ஒரு பையன் நாற்காலியின் வைக்கோல் இருக்கைக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் எண்ணிக்கொண்டு வந்தான்.


நடுநிசிக்கான்வாஸ்:

சின்ன சந்தேகம். முடித்ததும் மூலையில் வின்சென்ட் என்று எழுதலாமா? அழகாக இருக்குமே.


ஆளிவிதை:

கூடாது. அவர் இறந்து 130 வருஷத்துக்கு மேல் ஆயிற்று, காப்புரிமைப் பிரச்சினை எதுவும் இல்லை, தாராளமாகக் காப்பி எடுக்கலாம். ஆனால் கையெழுத்தையும் போட்டால் அது வேறு சமாச்சாரம். பாரிஸ் லூவ்ரில் உள்ளேயே ஈசல் போட்டுக் காப்பி எடுக்க இன்றும் அனுமதி தருகிறார்கள், அங்கே இரண்டு விதி: அசலின் அளவிலேயே இருக்கக்கூடாது, அசல் கையெழுத்து கூடாது. அதையே நாமும் வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் "வான்கோவைப் பார்த்து" என்று எழுதி உங்கள் பெயரும் தேதியும் போடுங்கள்.


புதுத்தூரிகை:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பழைய கான்வாஸைச் சுரண்டாமல் அப்படியே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டேன், புதிதாக 12க்கு 16 ஒன்று எடுத்தேன்.

சுண்ணாம்புச்சுவர் அக்கா சொன்னபடி முதலில் நாற்காலி மட்டும், ஒரு அட்டையில் கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு அடித்து மூன்று தடவை. முதல் இரண்டும் சேறு. மூன்றாவதில் துடைத்துத் துடைத்துப் போட்டேன், ஒரு பழைய பனியன் முழுதாகச் செலவாயிற்று (விரித்துக் கொடியில் காயப்போட்டாயிற்று, அம்மா யாருடைய பனியன் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்). நாற்காலியின் பின்கால் ஒன்றை ஒரே இழுப்பில் போட்டபோது பிரஷ் வழுக்கி, மேலே கெட்டியாகவும் கீழே காய்ந்த மாதிரி பிசிறாகவும் நின்றது. அழிக்கப் போய், கையை நிறுத்திவிட்டுத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வான்கோ போட்ட நாற்காலிக் காலிலும் கீழே பிசிறு. வண்ணம் தீர்ந்துபோய் அப்படியே விட்டிருக்கிறார்.

அப்புறம் சுவர். அல்ட்ராமரைன், குயினாக்ரிடோன், வெள்ளை. பேலட்டில் பார்த்தபோது கல்யாண மண்டபத்துச் சீலைத்துணி மாதிரி கண்ணைப் பறித்தது, பயந்துபோனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்ததும் அடங்கிவிட்டது. ஊதா அடங்கியதா, மஞ்சள் எழுந்ததா தெரியவில்லை, அறை நின்றுவிட்டது. கரித்துண்டு அண்ணா, நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள், அந்த இரவு படத்துக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தரைதான் இன்னும் ஆகவில்லை. தியோ கடிதத்தில் சிவப்பு ஓடு என்கிறார், எனக்கு வருவது செங்கல்.


ஆளிவிதை:

கோகன் கடிதத்தில் அதே தரையை உடைந்து வாடிய சிவப்பு என்கிறார். உங்கள் செங்கல்லில் ஜன்னல் பச்சையை ஒரு துளி விட்டுப் பாருங்கள். துளி என்றால் துளி.


கரித்துண்டு:

சிரிக்கவில்லை தம்பி. தரை முடிந்ததும் இரண்டு கொய்யா வாங்குங்கள். பச்சையாக ஒன்று, பழுத்தது ஒன்று. பின்னால் ஊதாத் துணி போடுங்கள்.